கோடு முழுதாக இருக்கிறது, நெட் ஏன் நகரவில்லை?

கேள்வி இதுதான்: “புது போன் வாங்கியிருக்கிறேன். செட்டிங்ஸைத் திறந்தால் மொபைல் டேட்டா, வைஃபை, ஹாட்ஸ்பாட், புளூடூத், என்எஃப்சி என்று வரிசையாக நிற்கின்றன. திரையின் மேல் ஓரத்தில் சில நேரம் 5ஜி, சில நேரம் 4ஜி பிளஸ், எப்போதாவது ஈ என்ற ஆங்கில எழுத்து. இவற்றில் எதை எதற்குப் பயன்படுத்துவது? சிக்னல் கோடுகள் முழுதாக இருந்தும் நெட் ஏன் ஊர்கிறது? எல்லாவற்றையும் ஆன் செய்தே வைத்திருந்தால் பேட்டரி தீர்ந்துவிடுமா?”

மூன்று கேள்விகள். நடுவில் இருப்பதைப் பிடித்துக்கொண்டால் மற்ற இரண்டும் பின்னாலேயே வந்துவிடும். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

போனில் கம்பி இல்லாமல் நடப்பது எல்லாமே ரேடியோ அலைதான். ஒவ்வொரு வசதிக்கும் மறுமுனை மட்டும் வேறு. மொபைல் டேட்டாவுக்கு மறுமுனை டவர். சில நூறு மீட்டரிலிருந்து சில கிலோமீட்டர் வரை தள்ளி நிற்கும். வைஃபைக்கு ரவுட்டர், சுவர்களைப் பொறுத்துச் சில பத்து மீட்டர். புளூடூத்துக்குப் பெரும்பாலும் பத்து மீட்டர். தட்டிப் பணம் செலுத்த உதவும் என்எஃப்சிக்கு நான்கு சென்டிமீட்டர். ஓர் இணைப்பு எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் இரண்டைத்தான் விசாரிப்பேன்: மறுமுனை எவ்வளவு தூரம், அதை எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள். சிக்னல் கோடுகள் முதல் கேள்விக்கு மட்டும், அதுவும் அரைகுறையாக, பதில் சொல்கின்றன. இரண்டாவதைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது.

அரைகுறை என்று ஏன் சொல்கிறேன் என்றால், எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்று எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி கிடையாது. ஒரே மேசையில் வைத்த இரண்டு போன்களில் ஒன்று நான்கு கோடும் மற்றது இரண்டும் காட்டலாம். உண்மையான அளவு வேண்டுமானால், ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் போனைப் பற்றிய விவரப் பகுதியில் ‘சிம் நிலை’ என்று ஒன்று இருக்கும். அங்கே டிபிஎம் என்ற அலகில் மைனஸ் போட்ட ஓர் எண் தெரியும். 4ஜியில் மைனஸ் 85 என்றால் நல்ல சிக்னல். மைனஸ் 115 என்றால் போன் மூச்சு வாங்குகிறது. வித்தியாசம் வெறும் 30தானே என்று நினைக்க வேண்டாம். இந்த அளவுகோலில் ஒவ்வொரு 10க்கும் சக்தி பத்து மடங்கு மாறும். 30 என்றால் ஆயிரம் மடங்கு.

சரி, எண்ணும் நன்றாகவே இருக்கிறது, ஆனாலும் நகரவில்லை. அப்போது எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்ற இரண்டாவது கேள்விக்கு வரவேண்டும். 20 மெகாஹெர்ட்ஸ் அகல அலைக்கற்றையில், இரண்டு ஆன்டெனா வைத்து ஓடும் 4ஜி விநாடிக்கு 150 மெகாபிட் வரை தரும் என்பது ஏட்டுக் கணக்கு. அந்த 150ம் டவரின் அந்தப் பக்கத்தில் இருக்கும் அத்தனை போன்களுக்கும் சேர்த்துத்தான். ஆட்டம் நடக்கும் மைதானத்தில் கோடு முழுதாக இருக்கும், ஒரு படம் அனுப்ப முடியாது. டவர் பக்கத்திலேயே இருக்கிறது. உங்கள் முறை வருவதற்குள் பொழுது போய்விடுகிறது.

இன்னொரு காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உயரமான மாடியில் இருப்பவரின் போனுக்கு நாலைந்து டவர்கள் ஒரே நேரத்தில் நேருக்கு நேர் தெரியும். எல்லாம் ஒரே அலைவரிசையில் ஓடினால் ஒன்றின் பேச்சு மற்றதற்கு இரைச்சல். பலம் இருக்கும், தெளிவு இருக்காது. பதினைந்தாவது மாடியில் முழுக் கோட்டோடு அவதிப்பட்ட நண்பர் ஒருவரை வீட்டின் எதிர்ப்பக்க அறைக்குப் போய்ப் பார்க்கச் சொன்னேன். கட்டடமே பாதி டவர்களை மறைத்துவிட்டது. ஒரு கோடு குறைந்தது, வேகம் கூடியது. அவர் இன்னும் நம்பவில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது அந்த எழுத்துகள். ஈ என்றால் எட்ஜ், அதாவது 2ஜியின் கடைசிக் கட்டம். அதற்கும் முந்தைய ஜிபிஆர்எஸ்ஸுக்கு ஜி என்ற எழுத்து வரும். நடைமுறையில் ஜிபிஆர்எஸ் விநாடிக்கு 40 கிலோபிட் கொடுத்தால் பெரிய விஷயம். மூன்று மெகாபைட் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். ஆக 24 மெகாபிட். 40 கிலோபிட் வேகத்தில் பத்து நிமிடம் ஆகும். 20 மெகாபிட் தரும் சாதாரண 4ஜியில் ஒன்றேகால் விநாடி. (இணைய நிறுவனங்கள் விளம்பரத்தில் சொல்வது மெகாபிட், உங்கள் டவுன்லோடு காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். “100 என்றார்கள், 12தான் வருகிறது” என்ற புகார்களில் பாதி இந்த எட்டால் வருவது.) ஈ வந்துவிட்டால் செய்தி மட்டும் அனுப்புங்கள், படம் அனுப்பிப் பார்த்துக் கோபப்பட வேண்டாம்.

எச், எச் பிளஸ் இரண்டும் 3ஜியின் வேகமான வடிவங்கள். பல நாடுகளில் 3ஜியையே மூடிவிட்டார்கள் அல்லது மூடிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் அந்த எழுத்துகளை இனிமேல் அரிதாகத்தான் பார்ப்பீர்கள். எல்டிஇ என்பதும் 4ஜி என்பதும் போனைப் பொறுத்தவரை ஒன்றுதான். 2009 டிசம்பரில் ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் அது முதன்முதலில் வணிகரீதியாக ஓடத் தொடங்கியபோது அதைப் பிடிக்க ஒரு போன்கூடக் கடையில் இல்லை. கணினியில் செருகும் மோடம்தான் இருந்தது. பக்கத்தில் பிளஸ் வந்தால், போன் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அலைக்கற்றைகளை ஒன்றாகக் கட்டி இழுக்கிறது என்று பொருள். சாலையில் தடம் கூடுவதுபோல. இது உண்மையிலேயே பலன் தரும் அடையாளம்.

5ஜி அடையாளத்தைத்தான் நான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பேன். 5ஜி இரண்டு வகையில் வருகிறது. ஒன்று, தனியாக நிற்பது. மற்றது, 4ஜியின் தோளில் ஏறி நிற்பது: கட்டுப்பாட்டுப் பேச்செல்லாம் 4ஜி டவரோடு, டேட்டாவுக்கு மட்டும் 5ஜி கைகொடுக்கும். இந்த இரண்டாவது வகையில், “இங்கே 5ஜி கிடைக்கும்” என்று 4ஜி டவர் அறிவித்தாலே சில போன்கள் 5ஜி என்று காட்டிவிடும், அந்த நேரத்தில் ஒரு பிட்கூட 5ஜியில் வராவிட்டாலும்.

எந்த அலைவரிசையில் வருகிறது என்பதும் முக்கியம். 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 சென்டிமீட்டர்; தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் அந்தப் பகுதியில் அலைக்கற்றை கொஞ்சம்தான் கிடைக்கும், வேகம் 4ஜியைவிடப் பெரிதாக இராது. 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் அகலமான கற்றை கிடைக்கும், 5ஜியின் நிஜமான வேகம் பெரும்பாலும் அங்கேதான். 24 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் போனால் அலைநீளம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். பிரமாதமான வேகம், ஆனால் போனைப் பிடித்திருக்கும் உங்கள் கையே அதை மறைத்துவிடும். ஆக, வீட்டுக்குள் 5ஜி தத்தளிக்கிறது, 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவுகிறது என்றால், விருப்ப நெட்வொர்க் வகையை 4ஜிக்கு மாற்றி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். பலருக்கு அது வேகமாகவும் சீராகவும் இருக்கும். பழையதுக்குப் போகிறோமே என்று வருத்தப்பட வேண்டாம்.

மொபைல் டேட்டாவில் அடிக்கடி வரும் மூன்று சிக்கல்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிம் மாற்றியதும் அழைப்பு போகிறது, நெட் மட்டும் வரவில்லை என்றால் ஏபிஎன் என்ற அமைப்பைப் பாருங்கள். டவருக்குப் பின்னால் எந்த வாசல் வழியாக இணையத்துக்குப் போவது என்று சொல்லும் பெயர் அது. வழக்கமாகத் தானாகவே பதிந்துவிடும். பதியாவிட்டால் நிறுவனம் தரும் பெயரை நீங்களே எழுத வேண்டும். அடுத்து, அழைப்பு வந்ததும் நெட் நின்றுவிடுகிறதா? 4ஜி பிறக்கும்போதே டேட்டாவுக்காக மட்டும் பிறந்தது. அதில் பேசுவதற்கு வோல்ட்இ என்று தனி ஏற்பாடு. அது அணைந்திருந்தால் ஒவ்வொரு அழைப்புக்கும் போன் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கும், நெட்டும் கூடவே இறங்கும். மூன்றாவது, இரட்டை சிம். பெரும்பாலான போன்களில் ஒரு நேரத்தில் ஒரு சிம்தான் டேட்டா ஓட்டும். இரண்டாவது சிம்மில் பேசும்போது முதல் சிம்மின் நெட் நின்றால் அது பழுதில்லை. அழைப்பின்போது டேட்டாவை மாற்றிக்கொள்ளும் தேர்வு ஒன்று செட்டிங்ஸில் இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள்.

வைஃபைக்கு வருவோம். ஒன்றை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்: வைஃபை என்பது உங்கள் போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவிலான பேச்சு மட்டும். ரவுட்டருக்குப் பின்னால் இணையம் இருக்கிறதா என்பது தனிக் கதை. வைஃபை சின்னத்தின் பக்கத்தில் ஆச்சரியக்குறி வந்தால், ரவுட்டர் வரை சரி, அதற்குப் பின்னால் அறுந்திருக்கிறது என்று பொருள். இணைந்த உடனே போன் இணையத்தில் ஒரு சின்னப் பக்கத்தைக் கேட்டுப் பார்க்கும், பதில் வராவிட்டால் இந்தக் குறியைப் போடும். விமான நிலையம், விடுதி மாதிரி இடங்களில் தானாக எழும்பும் உள்நுழைவுப் பக்கமும் இதே சோதனையின் விளைவுதான்.

ரவுட்டர் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை, ஒன்றில் 5ஜி என்ற ஒட்டோடு வரும். அதற்கும் மொபைல் 5ஜிக்கும் எந்த உறவும் இல்லை. அது 5 கிகாஹெர்ட்ஸ். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர்களை நன்றாகக் கடக்கும், ஆனால் அங்கே ஒரே சந்தை இரைச்சல். ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அதில் இயங்கக்கூடிய சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அடுக்ககத்தில் இருபது வீட்டு ரவுட்டர்கள் அந்த மூன்றில் நெருக்கியடிக்கும். அதற்கு மேல் புளூடூத்தும் அங்கே, மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில் அங்கேயே. சமையலறையில் யாரோ எதையோ சூடுபடுத்தும்போது வீடியோ நின்றால் அது கற்பனை இல்லை. ரவுட்டர் இருக்கும் அறையிலோ அடுத்த அறையிலோ இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ். இரண்டு சுவர் தாண்டியிருந்தால் 2.4. புதிய ரவுட்டர்களில் 6 கிகாஹெர்ட்ஸும் வருகிறது, அங்கே இப்போதைக்குக் கூட்டம் குறைவு.

ரவுட்டரை வைக்கும் இடம்தான் பெரும்பாலான வீடுகளில் உண்மையான பிரச்சினை. தொலைக்காட்சிக்குப் பின்னால், இரும்பு அலமாரிக்குள், மீன் தொட்டிக்குப் பக்கத்தில் என்று வைத்துவிட்டு வேகம் இல்லை என்பார்கள். உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் குடித்துவிடும். பெரிய முகம் பார்க்கும் கண்ணாடியும் பின்பூச்சின் காரணமாக ஓர் உலோகத் தகடுதான். வீட்டின் நடுவில், இடுப்புக்கு மேல் உயரத்தில், திறந்த இடத்தில் வைத்தாலே பாதி நோய் தீரும்.

வைஃபையிலும் பங்கு உண்டு. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இதில் ஒரு விசித்திரம்: தூரத்தில் மங்கிய சிக்னலோடு இருக்கும் ஒரு பழைய போன் மெதுவாகப் பேசுவதால், அதே அளவு டேட்டாவுக்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்குக் காத்திருப்பவர்கள் எல்லோரும் மெதுவாகிறார்கள். மாடிப்படியில் நின்று ஒரே ஒரு கோடு வைஃபையைப் பிடித்துத் தொங்கும் போனை மொபைல் டேட்டாவுக்கு மாற்றினால், அவருக்கும் நல்லது, உள்ளே இருப்பவர்களுக்கும் நல்லது.

பொது இடத்து வைஃபை பற்றிப் பயமுறுத்தும் கட்டுரைகள் நிறைய. இன்று பெரும்பாலான தளங்களும் செயலிகளும் தாங்களே மறையாக்கம் செய்து, அதாவது இடையில் இருப்பவர் படிக்க முடியாதபடிதான் பேசுகின்றன, அதனால் பழைய பயம் அப்படியே பொருந்தாது. ஆனால் போன் வைஃபையைப் பெயர் வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. கடவுச்சொல் இல்லாத ஒரு பெயரை ஒருமுறை சேமித்துவிட்டால், அதே பெயரில் யார் கடை விரித்தாலும் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளக்கூடும். அதனால் திறந்த வைஃபைகளைப் பயன்படுத்தி முடித்ததும் ‘மறந்துவிடு’ என்பதைத் தட்டிவிடுங்கள். பணப் பரிமாற்றத்தை நான் மொபைல் டேட்டாவில்தான் செய்வேன். வேகத்துக்காக இல்லை, நிம்மதிக்காக.

ஹாட்ஸ்பாட் என்பது உங்கள் போனே ரவுட்டராக வேடம் போடுவது. டவரோடும் பேச வேண்டும், பக்கத்தில் இருப்பவர்களோடும் பேச வேண்டும். சூடாகும், பேட்டரி சரசரவென்று இறங்கும். மடிக்கணினிக்கு மட்டும் நெட் வேண்டும் என்றால் யுஎஸ்பி கேபிளில் கொடுங்கள். கொடுக்கும்போதே சார்ஜும் ஏறும். புளூடூத் வழியாகவும் கொடுக்கலாம். நடைமுறையில் ஒன்றிரண்டு மெகாபிட்டுக்கு மேல் வராது, ஆனால் மின்னஞ்சலுக்குப் போதும், பேட்டரியும் தாங்கும். ஹாட்ஸ்பாட்டில் பலர் சூடுபடும் இடம் ஒன்று உண்டு. மடிக்கணினிக்கு அது வெறும் வைஃபை. “அடடா, வைஃபை கிடைத்தது” என்று கிகாபைட் கணக்கில் அப்டேட்டை இறக்கத் தொடங்கும். விண்டோஸில் அந்த இணைப்பை அளவிடப்பட்ட இணைப்பு என்று குறித்துவிடுங்கள். மேக்கில் குறைந்த டேட்டா பயன்முறை.

புளூடூத்தை இணையத்துக்கான வழியாக நினைக்க வேண்டாம். அதன் வேலை இயர்போன், கடிகாரம், கார் போன்ற அண்டை வீட்டாரோடு சிக்கனமாகப் பேசுவது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சந்தையில் அது பிழைப்பது ஓடிக்கொண்டே இருப்பதால்: 79 சேனல்களுக்கு இடையே விநாடிக்கு 1600 முறை தாவும். கோப்பு அனுப்புவதற்கு நேரடியாக அதைப் பயன்படுத்தும் காலம் போய்விட்டது. இப்போது ஏர்டிராப், குயிக் ஷேர் போன்றவை புளூடூத்தில் ஒருவரையொருவர் கண்டுபிடித்துக்கொண்டு, சரக்கை வைஃபையில் நேரடியாக அனுப்பிவிடுகின்றன. இதற்கு இணையமும் வேண்டாம், ரவுட்டரும் வேண்டாம். பக்கத்தில் இருப்பவருக்கு 500 மெகாபைட் வீடியோவைச் செய்திச் செயலியில் ஏற்றி, அவர் அதை மறுபடி இறக்குவதைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும்.

என்எஃப்சி 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்குவது. அதிகபட்ச வேகம் விநாடிக்கு 424 கிலோபிட். தட்டிப் பணம் செலுத்தவும் இயர்போனை இணைக்கவும் அதுவே தாராளம். ஒட்டினால்தான் பேசும் என்பதே அதன் பாதுகாப்பு. யுடபிள்யூபி என்று ஒன்று விலை உயர்ந்த போன்களில் இருக்கும். அது தூரத்தையும் திசையையும் அளப்பதற்கு. நெட்டோடு சம்பந்தம் இல்லை. செயற்கைக்கோள் இணைப்பு 2022இல் ஐபோன் 14 வழியாகப் பரவலான பேச்சுக்கு வந்தது. அது டவரே இல்லாத இடத்தில் செய்தி அனுப்புவதற்கு. மறுமுனை ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் உயரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது; திறந்த வானத்தின் கீழ் நின்று போனை அதை நோக்கித் திருப்பிப் பிடிக்க வேண்டும். படம் பார்க்க அல்ல.

கடைசியாகப் பேட்டரி. எல்லாவற்றையும் ஆன் செய்து வைத்தால் தீர்ந்துவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். வழக்கமான புளூடூத் அனுப்பும் சக்தி 2.5 மில்லிவாட் அளவு, 4ஜியில் போன் அதிகபட்சமாக அனுப்புவது 200 மில்லிவாட். என்எஃப்சி திரை அணைந்திருக்கும்போது பெரும்பாலும் தூங்கும். இவற்றை அணைத்து அணைத்துப் போடுவதில் மிச்சமாவது சொற்பம். உண்மையில் தின்பது மொபைல் சிக்னல், அதுவும் மோசமான சிக்னல். தூரம் கூடக் கூட, ‘இன்னும் சத்தமாகப் பேசு’ என்று டவர் போனுக்கு உத்தரவிடும். போனும் கத்தும். லிஃப்ட், நிலவறை, ஓடும் ரயில் போன்ற இடங்களில் ஒன்றும் செய்யாமலே பேட்டரி இறங்குவது இதனால்தான். அப்புறம், ஒவ்வொரு சின்னப் பரிமாற்றத்துக்குப் பிறகும் அடுத்தது வருமோ என்று ரேடியோ பத்து விநாடி அளவுக்கு விழித்தே இருக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் செயலி, அனுப்பும் டேட்டா துளியாக இருந்தாலும், இப்படித்தான் பேட்டரியைக் கரைக்கிறது. அத்தகைய செயலிகளின் பின்னணி டேட்டாவை நிறுத்துங்கள், அது பலன் தரும்.

ஐபோனில் ஒன்றைக் கவனியுங்கள்: கட்டுப்பாட்டு மையத்தில் வைஃபை, புளூடூத் பொத்தான்களைத் தட்டினால் அவை முழுக்க அணைவதில்லை. இணைப்பு மட்டும் துண்டிக்கப்பட்டு, மறுநாள் காலையில் தானாக மீண்டுவிடும். முழுதாக அணைக்க செட்டிங்ஸுக்குள் போக வேண்டும்.

உங்கள் படுக்கையறையில் டவர் சிக்னல் மோசம், வைஃபை நன்றாக இருக்கிறது என்றால் இரவில் இப்படிச் செய்து பாருங்கள். வைஃபை காலிங் வசதி உங்கள் சேவையில் இருந்தால் அதை ஆன் செய்துவிட்டு, ஃப்ளைட் மோடைப் போட்டு, அதற்குப் பிறகு வைஃபையை மட்டும் மறுபடி ஆன் செய்யுங்கள். டவரைத் தேடும் வேலை நின்றுவிடும், அழைப்பு வைஃபையில் வரும். அலாரம் ஃப்ளைட் மோடிலும் அடிக்கும்.